ஜப்பான் புகழ் எத்திராஜ்

இக்னேஷியஸ் ஜப்பானுக்குப் பாடப் போனதில் ஊருக்கெல்லாம் பெருமை. எத்திராஜுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யாராவது "இக்னேஷியஸ் எப்டி கீறான்?" என்று விசாரித்தால் "அவனுக்கு இன்னா, ராஜாவாட்டம் கீறான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றில் உப்பில்லை என்று பெண்டாட்டியோடு சண்டை போடுவான்.

அவனுக்குக் கோபம் வரக் காரணமும் இல்லாமல் இல்லை. அம்பத்தூரில் மெல்லிசைக் குழு என்றால் எத்திராஜ்தான். வேலை நாளில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுவான், லீவு நாளில் மைக் பிடிப்பான். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் அவன் பாடாத கல்யாணப் பந்தல் இல்லை. மீசையை ஒரு பக்கமாகத் தடவிவிட்டுக்கொண்டு பாட்டை எடுத்தால் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழும் என்பது அவனுடைய நம்பிக்கை. எழுந்ததா இல்லையா என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

இக்னேஷியஸ் அவனைவிடச் சின்னவன், ஆவடிப் பையன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்துப் பழகியவன். எத்திராஜ்தான் அவனைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு, பின்பாட்டுப் பாட ஒரு மைக்கும் கொடுத்தான். அந்த மைக் பாதி நேரம் வேலை செய்யாது. இக்னேஷியஸ் அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் "சரி அண்ணாத்தே", "ஆவட்டும் அண்ணாத்தே" என்று பின்னாலேயே வருவான்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆயுத பூஜையில்தான் எல்லாம் கெட்டது. பம்ப் கம்பெனியில் மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்த பிறகு கச்சேரி. புது மிஷின் மாட்டிக் கொடுக்க ஜப்பானிலிருந்து வந்திருந்த நகமுரா என்ற எஞ்சினியரும் மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எத்திராஜ் தொடர்ந்து பாடியதில் தொண்டை காய்ந்து, ஒரு சோடா குடிக்க வெளியே போனான். கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று இக்னேஷியஸ் கிட்டாரைத் தட்டிக்கொண்டு ஓர் இங்கிலீஷ் பாட்டை எடுத்துவிட்டான். அன்றைக்குப் பார்த்து அந்தப் பாழாய்ப்போன மைக்கும் வேலை செய்தது. எத்திராஜ் திரும்பி வந்தபோது நகமுரா நாற்காலியை மேடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நகமுராவின் சித்தப்பாவுக்குக் கோபே நகரத்தில் ஒரு நைட் கிளப் இருந்தது. அடுத்த வருஷம் பக்கத்திலேயே ஒசாகாவில் உலகப் பொருட்காட்சி. எந்தக் கிளப்பிலும் வெளிநாட்டுப் பாடகன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்று அங்கே ஒரே போட்டியாம். வருஷம் பிறந்த கொஞ்ச நாளில் இக்னேஷியஸ் விமானம் ஏறிவிட்டான். ஒரு சோடா குடிக்கப் போன நேரத்தில் தன்னுடைய ஜப்பான் போய்விட்டது என்று எத்திராஜ் முடிவு கட்டினான். அன்றிலிருந்து அவன் சோடாவையே தொடவில்லை.

போதாக்குறைக்கு அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. பளபளக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் இக்னேஷியஸ். எத்திராஜின் பெண்டாட்டி வேம்புலியம்மாள் அதைக் கொண்டுபோய் அவன் சவரம் செய்துகொள்ளும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தாள். தினமும் காலையில் அரைச் சோப்பு முகத்தோடு தன்னையும் கோட்டுப் போட்ட அவனையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டு தரம் கன்னத்தில் வெட்டிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இக்னேஷியஸின் அக்கா தெரசா ஒரு இசைத்தட்டோடு வந்தாள். "அண்ணே, தம்பி பாட்டு பிளேட்டா வந்துகீது. எங்க ஊட்ல போட்டுக் கேக்க மிஷினு இல்ல" என்றாள். குழுவின் ரிக்கார்டு பிளேயர் எத்திராஜ் வீட்டில்தான் இருந்தது. முள் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அதற்குள் வேம்புலியம்மாள் பெட்டியைத் திறந்துவிட்டாள். தபேலா வாசிக்கும் துலுக்கானமும் சத்தம் கேட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

ஏதோ தந்தி வாத்தியம் இழுத்தது. பிறகு இக்னேஷியஸின் குரல். யாருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. எத்திராஜ் மட்டும் குரலில் குறை தேடிக்கொண்டிருந்தான். ஒன்றும் அகப்படாததில் இன்னும் எரிச்சலாக வந்தது. அப்போதுதான் புரியாத அந்தப் பாஷைக்கு நடுவிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை எழுந்து வந்தது. "அண்ணாத்தே..."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மறுபடியும் "அண்ணாத்தே..." அடி முடியும்போதெல்லாம் அதே வார்த்தை, உருக்கமாக, கூப்பிடுகிற மாதிரி. தெரசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யோவ், உன்னத்தான்யா கூப்புடுது அந்தப் புள்ள!" என்றாள் வேம்புலியம்மாள். "சீமைக்குப் போயும் உன்ன மறக்கல பாரு."

எத்திராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நன்றியால் அல்ல. ஜப்பான்காரன் காசு போட்டு அச்சடித்த தட்டில் தன் பேர் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பாட்டில் பாதி தன்னுடையது. இத்தனை நாள் தொண்டையில் நின்ற முள் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. "இன்னொரு வாட்டி போடு" என்றான்.

அவன் அந்தப் பாட்டை வரிக்கு வரி காதால் கேட்டே நெட்டுரு போட்டுவிட்டான். நூம்பலில் ஒரு கல்யாணத்தில் முதல்முதலாகப் பாடினான். "ஜப்பான்லகீற என் தம்பி, என்ன நெனச்சி உருகிப் பாடின பாட்டு!" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தான். கூட்டம் 'அண்ணாத்தே' வந்த இடத்திலெல்லாம் விசில் அடித்தது. அடுத்து வேலப்பன்சாவடி, அப்புறம் திருவேற்காட்டுத் திருவிழா. நோட்டீசில் "ஜப்பான் புகழ் எத்திராஜ்" என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டான். இக்னேஷியஸ் பேர் நோட்டீசில் எங்கேயும் இல்லை. "எடம் பத்தல மச்சான்" என்று துலுக்கானத்திடம் சமாதானம் சொன்னான்.

எழுபத்திரண்டில் ஆயுத பூஜைக்கு முதல் வாரம் இக்னேஷியஸ் ஊருக்கு வந்தான். இளைத்திருந்தான். ரயில் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துவிட்டுத்தான் எத்திராஜ் வீட்டுக்கு வந்தான். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேம்புலியம்மாளுக்கு ஒரு விசிறியும், எத்திராஜுக்கு ஒரு கழுத்து டையும் கொடுத்தான். "எப்ப திரும்பிப் போற?" என்பதுதான் எத்திராஜ் கேட்ட முதல் கேள்வி. இக்னேஷியஸ் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த தன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பாக்கலாம் அண்ணாத்தே" என்றான்.

அந்த வருஷமும் பம்ப் கம்பெனியில் கச்சேரி எத்திராஜுடையதுதான். நகமுராவும் மிஷின் பார்க்க மறுபடி வந்திருந்தார். வந்து வந்து போனதில் தொழிலாளர்களிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். மானேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் அவருக்கு 'நைனா'தான். அவருக்குப் பக்கத்தில் இக்னேஷியஸ் உட்கார்ந்திருந்தான்.

"இக்னேஷியஸ மேடைக்கு ஏத்து!" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. எத்திராஜ் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இன்று விட்டால் இத்தனை நாள் சேர்த்த பேரெல்லாம் போச்சு. மானேஜர் போர்த்திய சால்வையோடு நின்று, மீசையைத் தடவிவிட்டு, அந்தப் பாட்டையே எடுத்தான். இக்னேஷியஸ் பாடியதைவிட ஒரு மடங்கு கூடுதலாக உருகினான். "அண்ணாத்தே..." என்று கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

கண்ணைத் திறந்தபோது நகமுரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் குடுகுடுவென்று மேடையேறி, மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு மைக்கை வாங்கினார்.

"நைனா, பாட்டு நல்லா கீது. ஆனா அண்ணாத்தே இல்ல. அனத்தா. அனத்தான்னா நீ. ஊட்டுக்காரி ஊட்டுக்காரன அப்டி கூப்புடும்." சொன்னது போதாது என்று அபிநயமும் பிடித்தார். "புருசன் கப்பல் ஏறிப் போச்சு. பொஞ்சாதி இங்க தனியா நின்னு அழுவுது. அனத்தா, அனத்தா!"

ஒரு நொடி யாருக்கும் ஏறவில்லை. அப்புறம் லேத் செக்‌ஷன் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்: "எத்திராஜ் பொஞ்சாதி அழுவுதுடோய்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பந்தலே குலுங்கியது. துலுக்கானம் தபேலா மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். நூம்பலிலும் திருவேற்காட்டிலும் மீசையைத் தடவிக்கொண்டு, விட்டுப் போன புருஷனை நினைத்துத் தான் அழுதிருக்கிறோம் என்பது எத்திராஜுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. நாளைக்கு லேத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

அப்போது இக்னேஷியஸ் மேடையேறினான். "நகமுரா சார் சொல்றது கரெக்ட்டு. பாட்டு எய்தினவன் அனத்தான்னுதான் எய்தினான்" என்றான். சிரிப்பு அடங்கியது. "ஆனா நான் பாடினது அண்ணாத்தேதான். பிளேட்ட கேட்டுப் பாருங்க. எங்க அண்ணாத்தேவ நெனச்சிகினுதான் பாடினேன்."

கைதட்டல் எழுந்தது. எத்திராஜ் தன் வாழ்நாளில் கேட்டிராத கைதட்டல். மானம் தப்பியது, ஆனால் கைதட்டல் முழுக்க இக்னேஷியஸுக்குப் போய்ச் சேர்ந்தது. காப்பாற்றுவதிலும் இவன்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று எத்திராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தலுக்குப் பின்னால் வாத்தியப் பெட்டிகளும் குழுவின் ரிக்கார்டு பிளேயரும் வைத்திருந்த இடத்தில் இக்னேஷியஸைப் பிடித்துக்கொண்டான். "ஊராண்ட பொய் சொல்லி எனக்குப் பிச்ச போடறியா?"

"பொய் இல்ல அண்ணாத்தே. சத்தியமா அப்டித்தான் பாடினேன்." இக்னேஷியஸ் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "எனக்கு அனத்தான்னு வாய்ல வர்ல. உன்னக் கூப்புட்டுக் கூப்புட்டு அண்ணாத்தேன்னேதான் வந்துச்சு. பாட்டு வாத்தியாரு எத்தினியோ வாட்டி திருத்திப் பாத்தாரு. கிளப்புக்காரன் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். இத்தயே வெச்சிக்கோன்னுட்டான். அத்தோட சரி, என் பாட்டு போச்சு."

"போச்சுன்னா?"

"போட்டோவுலகீற கோட்டு போட்டோவுக்கு மட்டுந்தான். மேடைல தலைப்பா கட்டி உட்டானுங்க. கைல ஒரு ரப்பர் பாம்பு. நான் அண்ணாத்தேன்னா ஜனம் சிரிக்கும், சிரிச்சிகினே திருப்பிக் கத்தும். பாட்ட எவன் கேட்டான்? இங்க மைக் அவிஞ்சி கெடந்தாக்கூட பாட்டக் கேட்டாங்க." அவன் எழுந்து நின்றான். "இன்னும் ஒரு வருசம் காண்ட்ராக்ட்டு கீது. வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அக்காவுக்குக்கூட இன்னும் தெரியாது. என்ன மறுபடி குழுவுல சேத்துக்கோ அண்ணாத்தே. அந்தப் பின்பாட்டு மைக்கே போதும்."

எத்திராஜ் சால்வை நுனியைத் திருகினான். இக்னேஷியஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளப்பு டெய்லி ரொம்புமா?" என்றான் எத்திராஜ்.

"ரொம்பும்."

"அத்தினி பேரும் ஒண்ணா அண்ணாத்தேன்னு கத்துவாங்களா?"

"கத்துவாங்க" என்றான் இக்னேஷியஸ், எதற்குக் கேட்கிறான் என்று புரியாமல்.

எத்திராஜ் தோளில் கிடந்த சால்வையை எடுத்தான். உதறி, தலையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மேலே செருகினான். ரிக்கார்டு பிளேயரின் பளபளத்த மூடியில் குனிந்து பார்த்து, மீசையை ஒரு பக்கமாகத் தடவிவிட்டுக்கொண்டான்.

"அப்ப அங்க உன் எடம் இப்ப காலியாத்தானே கீது?" என்று கேட்டான்.