இரண்டு கட்டத்தில் மூன்று எழுத்து

1983 மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு, ஃபிஜியின் நாண்டியிலிருந்து பத்தொன்பது பயணிகளுடன் வந்த விமானம் எங்கள் தீவின் பொன்ரிக்கி ஓடுபாதைக்கு மேல் ஓர் ஆள் உயரம் வரை இறங்கியது. அதற்குக் கீழே அதனால் வர முடியவில்லை. சக்கரங்களை நீட்டியபடியே பாதையின் மறுமுனை வரை போய், மேலேறி, கடல் பக்கம் திரும்பிவிட்டது. வியாழக்கிழமை நவ்ரு தீவிலும் வெள்ளிக்கிழமை புனாஃபுட்டி தீவிலும் செவ்வாய்க்கிழமை நாண்டியிலும் இதே கதைதான் என்று தந்தி வந்தது. மறு புதனன்று சரியாக இரண்டு மணிக்கு விமானம் திரும்பவும் எங்கள் தலைக்கு மேல் வந்து போனது.

எய்ட்டெய் என்ற அந்த விமானக் கம்பெனிக்கு இருந்தது ஒரே விமானம், ஒரே அலுவலகம், கைட்டரா என்று ஒரு குமாஸ்தா. உலகத்து விமானக் கம்பெனிகளுக்கெல்லாம் இரண்டிரண்டு எழுத்து கொடுக்கும் வெளிநாட்டு அலுவலகம், எங்களுக்கு 'கே, எஸ்' என்று தொலைபேசியில் சொன்னது. எங்கள் மொழியில் எஸ் கிடையாது. டியும் ஐயும் சேர்ந்தால் அதுதான் 'ஸ'. நாட்டின் பெயரையே கிரிபாட்டி என்று எழுதி கிரிபாஸ் என்று படிக்கிறவர்கள் நாங்கள். ஆகவே கைட்டரா, அவர்கள் அனுப்பிய படிவத்தின் முதல் கட்டத்தில் கே போட்டான். இரண்டாவதில் டியையும் ஐயையும் நெருக்கி எழுதினான். இரண்டு எழுத்து கேட்ட இடத்தில் மூன்று வந்ததால், வெளிநாட்டு அலுவலகம் எய்ட்டெய் என்று ஒரு கம்பெனியே இல்லை என்று முடிவு செய்தது. அப்போது விமானம் நடுக்கடலுக்கு மேல் இருந்தது. இல்லாத கம்பெனியின் விமானத்துக்கு இறங்கத் தரை கிடையாது.

ஏழாவது ஜன்னலில் இருந்தவர் இயோடேபா. ஃபிஜித் தலைநகர் சுவாவில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடித்து, தையலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கபூரா நேரே கைட்டராவின் மேஜைக்குப் போனாள்.

"ஏன்டா, ரெண்டு எழுத்து எழுதத் தெரியாதவனையா ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்க?"

"எல்லாரும் எழுதற மாதிரிதான்க்கா எழுதினேன். உன் பொண்ணு டெரெஸா பேரை நீ எப்படி எழுதுவ?"

கபூராவும் டியும் ஐயும் போட்டுத்தான் எழுதுவாள். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.

திருத்தம் கேட்டுப் போன கடிதத்துக்கு எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கே, எஸ் வேறொரு நாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது, புதிய எழுத்து வேண்டுமானால் விமானத்தைத் தரையில் நிறுத்திச் சோதனைக்குக் காட்ட வேண்டும். கைட்டரா அதை ஊர்க்கூடத்தில் உரக்கப் படித்தான். எல்லோரும் பாயில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து மீன் பிடிக்கப் போனார்கள்.

விமானம் கடக்கிற நேரத்தில் ஜன்னலில் ஒரு சொல்லைத்தான் படிக்க முடியும். இயோடேபா வாரத்துக்கு ஒரு சொல் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 'தையல்', 'ஆறிவிட்டது', 'அழாதே' என்று சொல்லி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. கபூரா ஓடுபாதை ஓரத்தில் வெள்ளைப் பவளக் கற்களை அடுக்கி, 'சாப்பாடு?' என்று கேட்டாள். 'பசிக்கவே', 'இல்லை' என்று பதில் வந்தது. பசிக்காத மனிதர் அவர் இல்லை. அன்று அவள் வேகவைத்த சீமைப்பலாக்காயைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றாள். விமானத்தில் எரிபொருளும் தீரவில்லை, ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. டெரெஸாவின் கல்யாணம் ஒரு புதன்கிழமை, ஓடுபாதையிலேயே நடந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து வணக்கம் சொல்வதற்குள் மாமனாரின் ஜன்னல் கடந்துவிட்டது.

1985இல் மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த பெண், கபூராவின் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு பேர் என்றாள் கபூரா.

"இன்னொருத்தர் எங்கக்கா? ஊர்ல இல்லைனு போட்டுடவா?"

"ஊர்ல இல்லாம எங்க போவாரு? புதன்கிழமை இருப்பாருன்னு எழுதும்மா."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்த ஆண்டின் கணக்கில் அப்படிப் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்.