சினை பார்க்கிறவள்

மீனின் வயிற்றைக் கீறி விரலை உள்ளே விட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சினைப்பை காற்றுப்போன பலூனாகத் துவண்டு கிடந்தது. முட்டையெல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. இரண்டாவது மீனும் அப்படித்தான். மூன்றாவதை எடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

மீன் முட்டையிடும் பருவத்தில் அந்த ஊர் கடலைப் பூட்டிவிடும். ஒரு படகும் போகாது. எப்போது திறப்பது என்பதில்தான் வருஷா வருஷம் அடிதடி. ஆண்களைக் கேட்டால் பூட்டிய மறுநாளே திறக்கலாம் என்பார்கள், கை அரிப்பு அப்படி. கடைசியில் மீன்துறையிலிருந்து வந்த பெண் அதிகாரி மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஓர் ஏற்பாடு செய்தாள். சோதனைப் படகு ஒன்று மட்டும் போய்க் கொஞ்சம் மீன் பிடித்து வரும். ஏலக்கூடத்தில் மீன் அறுக்கும் பெண்களில் இரண்டு பேர் உட்கார்ந்து சினை பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி 'இன்னும் இருக்கு' என்றாலும் போதும், கடல் மேலும் இரண்டு வாரம் பூட்டியே கிடக்கும். திறப்பதற்காகப் பொய் சொல்வார்கள் என்று பயந்துதான் ஆண்களை ஒதுக்கினார்கள். பூட்டி வைப்பதற்காகவும் ஒருத்தி பொய் சொல்லலாம் என்பது அத்தனை பேர் கூடிப் பேசிய கூட்டத்தில் ஒருவருக்கும் உதிக்கவில்லை. இத்தனைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்டாட்டி உள்ளவர்கள்.

அவள் புருஷன் ஆழ்கடல் படகில் டிரைவர். கரைக்கு வந்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான், எழுந்தால் கிளம்பிவிடுவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனோடு அவள் வாழ்ந்ததெல்லாம் கடல் பூட்டிய நாட்களில்தான். முதலில் விருந்தாளி மாதிரி இருப்பான், உப்பு டப்பா எங்கே என்று கேட்பான். மகள் அவனைப் பார்த்து இவள் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். பிறகு மெல்ல மெல்ல வீடு அவனுக்குப் பழகும். அவனே மீன் கழுவுவான், கொடியில் துணி காயப்போடுவான், அவள் தலைவலி என்றால் அதட்டிப் படுக்கவைப்பான். மகள் அவன் கைமேல்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கும்போது கடல் திறந்துவிடும். இந்த முறை படகு வெகுதூரம் போகிறது. அடுத்த பூட்டுக்குத்தான் திரும்புவோம் என்று அவன் சொன்னபோது, அவன் குரலில் இருந்த உற்சாகத்தை அவளால் தாங்க முடியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் அவனுடைய அக்கா. நாக்கில் தேனும் கிடையாது, விஷமும் கிடையாது. உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவள். தன் கூடையில் இருந்ததெல்லாம் காலி என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவினாள். அளவு குறித்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எப்படிக்கா இருக்கு?"

அவள் குடலைச் சட்டென்று வாளியில் தள்ளினாள்.

"இன்னும் இருக்கு. பாதிக்கு மேல விடல."

நாத்தனார் கத்தியைத் துடைப்பதை நிறுத்தி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு துடைத்தாள். அதிகாரி மட்டும், நல்ல வேளை நீங்கள் பார்த்தீர்கள், இல்லையென்றால் அவசரப்பட்டிருப்போம் என்று அவள் தோளைத் தொட்டாள். அந்த இடம் வீடு வரைக்கும் சுட்டுக்கொண்டே வந்தது.

வழியில், டீசல் போடக் காத்திருந்தவர்கள் காலி கேனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. இருக்கட்டும், வளர்ந்தால் நமக்குத்தானே என்றார் ஒரு பெரியவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று உள்ளே துள்ளிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாரம் அவன் வீட்டில் இருப்பான்! அந்த மிதப்பில், அறுக்காமல் மிஞ்சிய மீனில் தன் பங்கை வழக்கம்போலக் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

அவன் வழக்கம்போல வாங்கிக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார்ந்தான். செய்தி அவனுக்கும் வந்திருந்தது, முகம் தொங்கிப்போயிருந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றபோதுதான் தான் செய்த முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது.

"காலியா இருக்கே," என்றான்.

இன்னொன்றைக் கீறினான். அதன்பின் மீதி எல்லாவற்றையும் கீறினான், ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான். அவன் அவளைத் திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆயிற்று.

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இருந்திருப்பீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மூடிக்கொண்டான்.

கத்துவான், அக்காவிடம் போவான், சங்கத்தில் போய்ச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் அவன் நாளைக்கே கடலில் இருக்கலாம். அவளுடைய பேச்சை இனி அந்த ஊரில் ஒரு நாயும் மதிக்காது. சினை பார்க்கும் ஏற்பாடே அதோடு போகும்.

அவன் குடல்களை எல்லாம் வழித்துப் பழைய செய்தித்தாளில் சுற்றினான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். சமையலறை வாசலில் நின்று அவள் பார்த்தாள். இவ்வளவு ஆழம் வேண்டியதில்லை, ஆனாலும் தோண்டினான். பொட்டலத்தைப் போட்டு மூடி, நாய் கிளறாதபடி மேலே ஒரு கல்லைப் புரட்டிவைத்தான்.

வேலை முடிந்துவிட்டது. மகள் அப்பா, அப்பா என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் ஊன்றி, வேலிக்கு அப்பால் தெரிந்த வெறும் கடலைப் பார்த்தபடி நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.