கோல்கீப்பருக்குப் பொன்னாடை

எங்கள் குடும்பத்தில் எவர் பெயரும் குற்றம் செய்தவராக ஒரு போலீஸ் தாளில் ஏறியதில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் காவல்துறையில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். ஊரார் பெயரை எல்லாம் எழுதியிருக்கிறேன். எங்கள் பெயரை யாரும் எழுத இடம் வைத்ததில்லை. 1986 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலிபோர்னியாவில், என் மனைவி ஞானமணியின் பெயர் ஏறியது. பாளையங்கோட்டையில் எங்கள் சபையார் நடுவே இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மகன் கிருபைராஜ் லிவர்மோரில் இன்ஜினியர். அமெரிக்கப் பிரஜையாகி, எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தான். அந்த வாரம் வியாழக்கிழமை ஸான் ஃபிரான்சிஸ்கோவில் இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது, ஸான் ஹோஸேயில் ஒரு கால்பந்துப் போட்டிக்கு மூன்று டிக்கெட் இருப்பதாகச் சொன்னான். மெக்சிகோவின் ஒரு கிளப்பும், மத்திய அமெரிக்காவின் ஒரு சிறிய தேசத்துக் கிளப்பும் ஆடும் நட்புப் போட்டி.

“ஓய்வுநாள்ல பந்தாட்டமா?” என்றேன்.

“ஆராதனைதான் முடிஞ்சிட்டுல்லா. சாயங்காலம் வரைக்கும் உங்க முகத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?” என்றாள் ஞானமணி.

அவள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியை. அவளுடைய தகப்பனார் மில் டீமுக்கு கோல்கீப்பராக நின்றவர். பந்து என்றால் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்தினம் சித்திரை விழாவில் தமிழ்ச் சங்கத்தார் எனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அது எனக்கு மரியாதைக்குப் போட்டது.”

“இப்ப எனக்குக் குளிருக்குப் போட்டிருக்கேன். உங்க மரியாத ஒண்ணும் கொறஞ்சிராது, வாங்க.”

மைதானத்தில் இருபதாயிரம் பேருக்குக் குறையாது. முக்கால்வாசி மெக்சிகோக்காரர்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தகர மேளம், ஊதுகுழல், படுக்கை விரிப்பு அளவுக்குக் கொடிகள். ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மூன்று தடவை அறிவித்தார்கள்.

“கிரவுண்டுக்குள்ள எறங்குனா அரெஸ்ட் பண்ணுவாங்களாம்மா,” என்றான் கிருபைராஜ்.

“எனக்கும் இங்கிலீஷ் தெரியும்ல,” என்றாள் அவள்.

நான் ஆட்டத்தைவிட பந்தோபஸ்தைத்தான் பார்த்தேன். தொழில் அப்படி. மைதானத்தின் விளிம்பில் பத்தடிக்கு ஒருவராகக் காவலர்கள் நின்றார்கள். அத்தனை பேரும் ஆட்டத்துக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். முதல் கோல் விழுந்தபோது சிமென்ட் படிக்கட்டே அதிர்ந்தது. ஒரு கழுத்துகூடத் திரும்பவில்லை. பாளையங்கோட்டை மைதானத்தில் என் கான்ஸ்டபிள்கள், பெனால்டி என்றால் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார்கள். நான் அவர்களைக் கண்டித்ததில்லை. நானும் அங்கேதான் நிற்பேன். தொண்ணூறு நிமிடம் ஒரு பந்தையும் பார்க்காமல் நிற்க எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும் என்பது அந்த வேலையைச் செய்தவனுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் காவலர்களுக்குத் தலைவர் ஒரு பெண். சார்ஜென்ட். நாற்பது வயது இருக்கும், கறுத்த முடி, நெஞ்சில் ஒர்டேகா என்று பெயர்ப்பட்டை.

சிறிய தேசத்து கோல்கீப்பர் இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம் வந்து நின்றான். குட்டையான ஆள். அவனுடைய டீம் மூன்று கோல் வாங்கிவிட்டது. அவன் இல்லாவிட்டால் பத்து வாங்கியிருக்கும். ஒரு பெனால்டியை இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் தட்டினான். அதோடு அவன் முதுகில் காகிதக் கோப்பைகள் விழத் தொடங்கின. பீர் நிறைந்த கோப்பை ஒன்று பிடரியில் வந்து வெடித்தது. அவன் திரும்பவில்லை.

“இப்ப பாரு, போலீஸ்காரங்க அடிச்சு நொறுக்கப் போறாங்க,” என்று மகனிடம் சொன்னேன். என் அனுபவத்தில் அதுதான் அடுத்த கட்டம்.

அந்தப் பெண் சார்ஜென்ட் லத்தியைத் தொடவில்லை. மூன்று நிமிடம் அசையாமல் நின்று பார்த்தார். பிறகு ஒரே ஒரு காவலரைக் கூட்டிக்கொண்டு படியேறி, பதினான்காவது வரிசையில் ஒரு தடித்த ஆள் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். அவன் சிரித்தான், கைகளை விரித்தான், அப்புறம் எழுந்து அவருக்கு முன்னால் நடந்தான். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். கோப்பை விழுவது நின்றது. கூட்டத்தை அடிக்காமல், கூட்டத்திலிருந்து ஒருவனை மட்டும் எடுப்பது எப்படி என்று நான் கற்றுக்கொள்ள அறுபத்து நான்கு வயது ஆகியிருக்கிறது.

ஆட்டம் முடிந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். அந்த கோல்கீப்பர் மட்டும் நின்றான். தன் மேல் எறிந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்று சொருகி, கம்பத்தின் ஓரத்தில் அடுக்கினான்.

“பாத்தியளா?” என்றாள் ஞானமணி. அவள் குரல் மாறியிருந்தது. “பொறுக்குதான் பாருங்க. தோத்தவன் பொறுக்குதான். இருங்க, வாரேன்.”

கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் படியிறங்கி, கீழே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி, குனிந்து, பக்கத்துக் காவலர் கை நீட்டுமுன் மைதானத்துக்குள் போய்விட்டாள். சேலையும் கான்வாஸ் ஷூவுமாகப் புல்லின் மேல் நேராக நடந்தாள். அவள் நடந்தது பள்ளி விளையாட்டு விழாவில் அணிவகுப்புக்கு முன்னால் போகும் நடை.

“அப்பா! அம்மா!” என்று கிருபைராஜ் எழுந்தான்.

அவளைப் பார்த்து நாலைந்து இளைஞர்கள் கயிற்றைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர் எழுந்தார்கள். ஒரு மைதானம் கெட்டுப்போவது இந்த நிமிடத்தில்தான். அதிகாரி ஓடினால் கூட்டம் ஓடும். ஒரு லத்தி ஓங்கினால் பத்துக் கல் வரும்.

சார்ஜென்ட் ஓடவில்லை. இரண்டு விரலை உயர்த்தினார். இருபுறமும் இருந்த காவலர்கள் நான்கடி நெருங்கி வந்து அந்த இடைவெளியை அடைத்தார்கள். உள்ளே குதித்தவர்களைத் தோளில் தட்டி ஸ்பானிஷில் ஏதோ கேலி சொல்லித் திருப்பினார்கள். சார்ஜென்ட் மட்டும் ஞானமணியிடம் போய், அவளைத் தடுக்காமல், ஓரடி பின்னால் சேர்ந்து நடந்தார்.

ஞானமணி பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து உதறினாள். கோல்கீப்பருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எப்படியோ புரிந்து தலையைக் குனிந்தான். அவள் போர்த்தினாள், சரிகை வெளியே தெரியும்படி இழுத்துவிட்டாள். கோப்பை எறிந்த அதே பக்கம் ஒரு கணம் அடங்கி, பிறகு கை தட்டியது. கைதட்டல் முடியும்வரை சார்ஜென்ட் காத்திருந்தார். அப்புறம் உள்ளங்கையை நீட்டி வழி காட்டினார். அவளைத் தொடவே இல்லை.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை. மேசை, நான்கு நாற்காலி, ஒரு கட்டு அச்சடித்த தாள். நானும் மகனும் போய்ச் சேர்ந்தபோது ஞானமணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, ப்ளீஸ், நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் ஹேண்டில் பண்றேன்,” என்ற கிருபைராஜ் சார்ஜென்டிடம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கொஞ்ச நாளாக ஞாபகக் கோளாறு, இடம் தெரியாமல் நடந்துவிடுவாள்.

சார்ஜென்ட் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்படியானால் எளிது. நிலை தடுமாறிய முதியவர், குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டார் என்று எழுதுகிறேன். நோட்டீஸ் இல்லை, கோர்ட் இல்லை. வீட்டுக்குப் போகலாம்,” என்று எழுதத் தொடங்கினார்.

“என்னல சொன்ன அவகிட்ட?” என்றாள் ஞானமணி.

“அம்மா, ஜஸ்ட் ஃபார்மாலிட்டி. வியாழக்கிழமை இன்டர்வியூ இருக்குல்ல? அரெஸ்ட் ஆகியிருக்கீங்களான்னு கேப்பாங்க. கிரீன் கார்டு போச்சுன்னா?”

“எனக்கு ஞாபகக் கோளாறாக்கும்? நீ ஒம்பதாங்கிளாஸ்ல கணக்குல எத்தன மார்க்குன்னு இவகிட்ட சொல்லட்டுமால?”

“அம்மா!”

“தெரிஞ்சுதான் போனேன். மூணு தடவ மைக்ல சொன்னதக் கேட்டுட்டுத்தான் போனேன்.” என்னைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்லுதிய? நான் கிறுக்கியா?”

உண்மையை எழுதுகிறேன். அந்த நேரத்தில் நானும் மகன் பக்கம்தான். என் மனைவி கோர்ட்டில் நிற்பதைவிட, யாரும் படிக்காத ஒரு தாளில் ஒரு சொல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றியது. சும்மா இரு என்று கண் காட்டினேன். அவள் கண்ணைத் திருப்பவில்லை. சார்ஜென்டின் பேனா அந்தச் சொல்லை எழுதி முடித்தது.

அதைத் தலைகீழாகப் படித்தபோதுதான் சுடலைமுத்து நினைவுக்கு வந்தான். 1961ல் ஒரு இறுதிப் போட்டியின் நடுவே மைதானத்துக்குள் ஓடி, ரெஃபரியைக் கட்டிப்பிடித்தவன். நல்ல உழைப்பாளி, சந்தோஷத்தில் செய்துவிட்டான். கேஸ் போட மனமில்லாமல், ‘சித்த சுவாதீனம் இல்லாதவர், எச்சரித்து அனுப்பப்பட்டார்’ என்று ஸ்டேஷன் டைரியில் எழுதி அனுப்பினேன். தயவு என்று நினைத்துத்தான் செய்தேன். நான்கு வருடம் கழித்து அவனுடைய அண்ணன்மார், பைத்தியக்காரனுக்குச் சொத்தில் பங்கு எதற்கு என்று அந்த வரியின் நகலைக் கோர்ட்டில் வைத்தார்கள். இது உம்முடைய கையெழுத்தா என்று வக்கீல் கேட்டார். ஆம் என்றேன். கூண்டுக்குக் கீழே நின்ற சுடலைமுத்து என்னைப் பார்த்து, “நீங்களே எழுதிட்டியளே ஐயா,” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் எழுந்து நின்றேன். “மேடம், நானும் காவல்துறை அதிகாரியாக இருந்தவன். என் மனைவிக்கு ஞாபகக் கோளாறு எதுவும் இல்லை. அறிவிப்பைக் கேட்டு, தெரிந்தே உள்ளே போனாள். அப்படியே எழுதுங்கள்,” என்றேன்.

“அப்படி எழுதினால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஸார். நீதிபதி முன்னால் போக வேண்டும்.”

“போவாள்.”

“நான் உங்களுக்கு உதவி செய்யத்தான் பார்த்தேன்.”

“தெரியும். அந்த உதவியை நானும் ஒருவனுக்குச் செய்திருக்கிறேன்,” என்று சுடலைமுத்துவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கிருபைராஜ் தலை குனிந்திருந்தான். அவனுக்கு அந்தக் கதை தெரியாது. நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அவனே சார்ஜென்டிடம், “நான் சொன்னது பொய். ஐ ஆம் ஸாரி. அம்மாவுக்கு மெமரி எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு,” என்றான். பதற்றத்தில் பாதி தமிழிலேயே வந்துவிட்டது. திரும்ப ஆங்கிலத்தில் சொன்னான்.

சார்ஜென்ட் முதன்முறையாகச் சிரித்தார். “எனக்குத் தெரியும். புல்வெளியிலிருந்து இந்த அறைக்கு வருவதற்குள் அந்த கோல்கீப்பர் பிடித்த பதினேழு பந்தையும் உங்கள் அம்மா எனக்குச் சொல்லிவிட்டார். நான்தான் ஒன்றையும் பார்க்கவில்லையே!”

“பதினெட்டு,” என்றாள் ஞானமணி ஆங்கிலத்தில்.

எழுதிய தாளை அவர் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, கையெழுத்திட்டுக் கட்டிலேயே வைத்தார். எண்ணிட்ட தாளை அப்படித்தான் செய்ய வேண்டும். புதிய தாளில் நடந்ததை எழுதி, ஒவ்வொரு வரியாக அவளுக்கு வாசித்துக் காட்டினார். ‘ஒரு போர்வையைக் கொடுத்தார்’ என்ற இடத்தில் ஞானமணி நிறுத்தச் சொன்னாள். அது போர்வை அல்ல, மரியாதை செய்யும் துணி என்றாள். சார்ஜென்ட் திருத்தினார், ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பமிட்டார்கள்.

காருக்கு நடக்கும்போது கிருபைராஜ், “சர்ச்ல எல்லாரும் கேப்பாங்கப்பா. என்ன சொல்றது?” என்றான்.

“நடந்தத சொல்லு.”

“அம்மாவப் பத்தி ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்களே.”

“பேசட்டும்ல,” என்றாள் ஞானமணி. “பதினெட்டுன்னு மட்டும் சரியாச் சொல்லு.”

வியாழக்கிழமை இன்டர்வியூவில் அந்த நோட்டீஸை அதிகாரிகள் கேட்குமுன் நாங்களே எடுத்து மேசையில் வைத்தோம். கோர்ட்டு முடிவு தெரியாமல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மனுவை ஒதுக்கி வைத்தார்கள். ஜூன் மாதம் ஞானமணி நீதிபதி முன் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். செய்தீர்களா என்று கேட்டார், செய்தேன் என்றாள், இனிமேல் செய்யாதீர்கள் என்று அனுப்பினார். கிரீன் கார்டு கைக்கு வர ஐந்து மாதம் கூடுதலாக ஆனது. ஆகட்டும்.