சிவப்புக் கல்லடியில் மைலோ டின்

பாஞ்சாலைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை டின் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் ராதாகிருஷ்ணன் பக்கத்து ஊர் கோலா தெர்லாவில் பார்த்து வைத்த பெண்ணைக் கட்டிக்கொள்வான். விளையாட்டாக ஆரம்பித்தது இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது!

விளையாட்டைக் கொண்டுவந்தவர் தோட்டத்துச் சின்ன மேனேஜரான சின்னத் துரை. எழுபத்தெட்டாம் வருஷப் புத்தாண்டுக்குத் தன் கூட்டாளிகளை வரவழைத்து, தேயிலைக் காட்டுக்குள் சாமான்களை ஒளித்துத் தேடவிட்டார். வெள்ளைச் சட்டையோடு அவர்கள் சேற்றில் விழுந்து புரண்டதைப் பார்த்த, தொழிலாளர் லயத்து இளசுகளுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு மைலோ டின்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஒளித்துவிட்டு அடையாளம் சொல்ல வேண்டும். கண்டெடுப்பவர் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒன்றைப் போட்டு, அடுத்த வாரம் வேறிடத்தில் ஒளிக்க வேண்டும். சீப்பு, சோப்பு, ரிப்பன் என்று தோட்டம் பூராவும் டின் சுற்றியது. ஒரு தடவை எவனோ உயிருள்ள தவளையைப் போட்டு வைத்தான், அவன் நாசமாய்ப் போக!

இந்த வாரம் ஒளித்தவன் கொழுந்து லோரி ஓட்டும் ராதாகிருஷ்ணன். சனிக்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் இளசுகள் எல்லாருக்கும் கேட்கும்படி அடையாளம் சொன்னான்.

"ஆத்தோரமா போயி, பாலம் தாண்டி மேல ஏறுங்க. பெரிய மரம் இருக்கும். அடியில செவப்புக் கல்லு. அவ்ளோதான்லா."

பிறகு பாஞ்சாலையின் கூடையை இறக்கும் சாக்கில் குரலைத் தாழ்த்தினான். "உள்ள வளையல் இருக்கு. திங்கக்கெழம காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போட்டுக்கிட்டு வா. எங்க அப்பாவ உங்க வீட்டுக்கு அனுப்புறேன். வெறுங்கையோட வந்தீன்னா உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுக்குவேன். கோலா தெர்லா பொண்ணுக்கு வீட்டுல அவசரப்படுத்துறாங்க."

"கையில குடுத்தா கொறஞ்சா போவ?"

"உங்க அம்மா பாக்குது."

தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் காளியம்மா. ஊர் ஊராகச் சுற்றும் லோரிக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனுஷி அவள். பாஞ்சாலை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கங்காணி சத்தம் போட, லோரி கிளம்பிவிட்டது.

ஞாயிறு காலை அம்மா முன்னதாகவே எங்கோ போய்விட்டாள். பாஞ்சாலை விறகு பொறுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தோழி செல்லம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். பனி இன்னும் விலகவில்லை. தேயிலைச் செடிகள் பாவாடையை நனைத்தன. பையன்கள் கூட்டம் பாலத்தடியிலேயே தேடிக் கத்திக்கொண்டிருந்தது. நல்லதாப் போச்சு என்று மேலே ஏறினாள். அங்கேதான் மணிச் சத்தம் கேட்டது. சாம்பிராணி வாசமும் வந்தது.

பெரிய மரத்தடியில் சிவப்புக் கல். அதற்கு மஞ்சள், குங்குமம், செவ்வந்தி மாலை. எதிரே கற்பூரத் தட்டோடு காளியம்மா! பின்னால் பக்கத்து வீட்டுப் பவளமும் கீழ் லயத்துப் பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து வெறகுக்கு வந்தேன்டி. முனீஸ்வரர் தானா மொளச்சு நிக்கிறாரு!" என்றாள் காளியம்மா.

மரத்தடியில் நிமிர்ந்த கல்லுக்குச் சிவப்புப் பூசினால் நம் ஜனங்கள் வேறென்ன செய்வார்கள்? இந்தக் கூறுகெட்டவனுக்கு அதுகூடவா தோன்றவில்லை! செல்லம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பாஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியதுதான்.

"அம்மா, அந்தக் கல்லக் கொஞ்சம் நகத்தினா..."

"கல்லா? வாயில அடிச்சுக்க! சாமிடி!"

தட்டை வைக்க இடம் சமமாக இல்லை. முன்னால் கிடந்த பலகைக் கல்லைக் காளியம்மாவே புரட்டினாள். கீழே பச்சை டின் பல்லிளித்தது. திறந்தால், சிவப்புக் கண்ணாடி வளையல்கள்.

"உத்தரவு கெடச்சிருச்சு! கன்னிப்பொண்ணு கையில போடுங்கக்கா!" என்று பவளம் கூவினாள்.

காளியம்மா பக்கத்தில் நின்ற செல்லம்மாவின் கையைப் பிடித்தாள். பாஞ்சாலைக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, வளையல் செல்லம்மாவின் விரல் முட்டியைத் தாண்ட மறுத்தது. "நீ நீட்டுடி" என்று மகள் பக்கம் திரும்பினாள் அம்மா. ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு ஏறி, அளவெடுத்த மாதிரி நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். காளியம்மா மட்டும் மகளின் சிவந்த முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கல்லை விரலால் சுரண்டி முகர்ந்தாள். பிறகு கற்பூரத்தை ஏற்றினாள்.

இறங்கி வரும்போது மற்றவர்களை முன்னே விட்டு, மகளை நிறுத்தினாள்.

"முனீஸ்வரருக்கு உன் கை அளவு எப்படிடி தெரிஞ்சுச்சு?"

பாஞ்சாலை வளையல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"லோரிக்குப் பூசுற பெயிண்ட்ட சாமிக்குப் பூசியிருக்கான், படுபாவி."

"கழட்டிரவாம்மா?" கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"சாமி பேரச் சொல்லி, ஊரு பாக்க, என் கையாலயே போட்டுவிட்டேன். இனிமே கழட்டுன்னு சொல்ல எனக்கு வாய் ஏது?" காளியம்மா காலி டின்னை மகள் கையில் திணித்தாள். "அவங்க அப்பாவ வரச் சொல்லு. வர்றப்ப அந்த மரத்தடியில ஒரு தேங்கா ஒடச்சுட்டு வரணும், ஆமா!"