புயலுக்குச் செய்த அந்தியேட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மார்கழியில், கீரிமலைக் கடற்கரையில், முத்துக்குமாரு புயலுக்கு அந்தியேட்டி செய்தார். செத்தவர்களுக்கு ஒரு மாதத்தில் செய்கிற அதே கிரியைதான். எள்ளிலும் பிண்டத்திலும் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்தக் கார்த்திகைப் புயல் அவருடைய விடுதிக் கூரையைப் பிரித்து, ஓடுகளை வீசி, கேணியில் குளிக்க வந்திருந்த கொழும்புக்காரர் இருவரின் கழுத்தை அறுத்துவிட்டுப் போயிருந்தது. மூன்றாமவரைப் புளியமரத்திலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க முடிந்தது. அதன்பின் காங்கேசன்துறை ரயிலில் கீரிமலைக்கென்று ஒருவரும் இறங்கவில்லை. வானம் தெளிந்தும் சனத்தின் பயம் தெளியவில்லை. அறைகளில் ஆடு படுத்தது. விடுதி போனால் முத்துக்குமாருவும் மனைவி குணலட்சுமியும் சுன்னாகத்தில் அவளுடைய தமையன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும். அந்தத் தமையன் பெண்சாதியின் வாய் எங்கள் ஊர் வரை கேட்கும்.

"புயல் செத்துப்போச்செண்டு சனம் கண்ணாலை காணவேணும். அந்தியேட்டியைச் செய்துவிடுங்கோ, பிறகு ஆர் பயப்பிடுவினம்?" என்றாள் குணலட்சுமி.

"செத்தது உங்களுக்கு என்ன முறை எண்டு சொல்லாமல் பிண்டம் வைக்கேலாது," என்றார் ஐயர்.

முத்துக்குமாரு தலையைச் சொறிந்தார். "இவரின்ரை தம்பி எண்டு வையுங்கோ ஐயா," என்றாள் அவள்.

பிழை அங்கேதான். தம்பி என்றால் திவசத்துக்கு வரும்தானே.

அடுத்த கார்த்திகையில், அதே திதியில், ஊரில் ஓலை அசையாதபோது புயல் அந்த விடுதிக்கு மட்டும் வந்தது. கதவைப் பிளந்து, படையலைத் தின்று, அண்ணனைக் கிணற்றுக்கட்டில் அடித்து இரண்டு காலையும் முறித்துவிட்டுப் போனது. தங்கியிருந்த ஒரேயொருவர், செபமாலை என்ற கிளாக்கர், ஒரு காதை இழந்தார். காது இருந்த இடத்தை அவர் கொழும்பில் வீடு வீடாகக் காட்டினார். மறுவருடம் அறைகள் போதவில்லை. எப்போது வரும் என்று தெரியாத புயலுக்குத்தான் சனம் பயம். திதி தெரிந்தால் பார்க்கவென்று பெட்டி கட்டி வருவார்கள்.

"இந்த முறை படைக்க வேண்டாமப்பா, உவன் என்னைக் கொல்லுவான்," என்றார் முத்துக்குமாரு.

"அறையெல்லாம் ஆக்கள். பேசாமல் இலையைப் போடுங்கோ."

போட்டார். புயல் அவரைக் கூரையோடு பிய்த்துக் கடலுக்குக் கொண்டுபோனது. கரையொதுங்கியது சால்வை மட்டும்தான். கொழும்புக்காரர் கைதட்டியதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது ஓடு உடைந்த சத்தம்.

குணலட்சுமி அவருக்கும் முறையாக அந்தியேட்டி செய்தாள். இப்போது அந்தத் திதிக்கு இரண்டு இலை போடுகிறாள், இரண்டு புயல் வருகிறது. புதிதாக வருபவர்கள் எது எது என்று கேட்டால் விளக்கிவிடுவாள்: கொழுந்தன் வந்தவுடன் கதவை உடைப்பார், இவர் கதவைத் தட்டிப்போட்டுத்தான் உடைப்பார்.