சின்னவளைக் கேட்ட அண்ணன்

ஜல்லி உடைத்த தோள்வலி அருள்மேரிக்குக் கழுத்துவரை ஏறியிருந்தது. மூத்த மகள் லூர்துவின் ஈறுவலி அதைவிட மோசம். பதினாலு வயதிலேயே பாதிப் பல் விழுந்துவிட்டது. சுத்தியலைத் தொடாத அவள் உள்ளங்கை, கல் உடைப்பவள் கையைப் போலக் காய்த்து வெடித்திருந்தது.

தாம்பரத்து டாக்டரம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் சொந்தமா?"

"அத்தை மவன்மா."

"கேதப்சின் சி-ன்னு ஒண்ணு உடம்புல புரோட்டீனை வெட்டுற கத்திரி மாதிரி. அதைச் செய்யுற ஜீன் உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொண்ணு பழுது, ஒரே தாத்தா பாட்டி வழியா வந்தது. இவளுக்கு ரெண்டும் சேர்ந்துடுச்சு, அதான் பல்லும் கையும் இப்படி. சின்னவகிட்டயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கலாம். அவளைச் சொந்தத்துல குடுக்காதே."

சாயங்காலம் அண்ணன் அந்தோணிசாமி வந்தான். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதும் சிரித்தான்.

"கத்திரியா? உன் கல்யாணத்துக்கு என் பொண்டாட்டி செயினை வித்தேனே, அப்ப எங்க போச்சு இந்தக் கத்திரி? பொறக்குற பொண்ணு என் வூட்டுக்குன்னு மாதா முன்னாடி சொன்னியே? பொக்கைவாய்ச்சிய நீயே வெச்சிக்கோ. சின்னவ ஸ்டெல்லா என் புள்ளைக்கு."

உள்ளே லூர்து கஞ்சி குடிக்கும் சத்தம் நின்றது.

"கல்லு உடைச்சாவது செயினைத் திருப்பித் தரேண்ணே. ஸ்டெல்லாவத் தரமாட்டேன்."

"செயினை எவன் கேட்டான்? பொண்ணுன்னு சொன்னே, பொண்ணக் குடு."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணன் வீட்டுக்கு அருள்மேரி தர வேண்டிய பெண் இன்னும் பாக்கி.