தயிர் வழக்கு

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்தே கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெயிலோ ஒன்பது மணிக்கே உச்சிவேளையின் குணத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. கல்முனை மாவட்ட நீதிமன்றத்தின் விறாந்தையில், வாங்குப் பலகையின் ஓரத்தில், முந்தானையை வாய்வரை இழுத்துப் பிடித்தபடி லைலா அமர்ந்திருந்தாள். கலியாண வீடுகளுக்கு வட்டிலாப்பம் என்ற இனிப்பைச் செய்து, தயிரும் பாணியும் சேர்த்துக் கொடுப்பது அவளுடைய தொழில். வழக்கில் அவளே வழக்காளி. எதிராளி, காரைதீவில் இருந்து அவளுக்குத் தயிர் கொடுத்துவந்த மாட்டுப் பட்டிக்காரர் கனகரெத்தினம்.

இன்று அவருடைய சாட்சியம். அவரைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினால் பத்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும் என்று லைலாவின் சட்டத்தரணி ஹிமாயா உறுதியாகச் சொல்லியிருந்தாள். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. தயிர் தர முடியாமற்போனால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற வாசகமும் அதில் இருந்தது. கனகரெத்தினம் அறிவிக்கவில்லை. சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, மண்டபத்தில் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக அமர்ந்து உண்ட மாப்பிள்ளை வீட்டார், இறுதியில் தயிருக்காகக் காத்திருந்து, வெறுங்கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்கள். மண்டபத்துக்காரர் பெண் வீட்டார் முன்னிலையிலேயே லைலாவை ஏசினார். அன்றோடு மண்டப வேலை நின்றது. பிழை தயிர்க்காரருடையது என்று நீதிமன்றம் சொல்லட்டும், மறுபடியும் வேலை தருகிறேன் என்பது அவருடைய வாக்கு. கணவன் மௌத்தான பிறகு அந்த மண்டபத்தை நம்பியே லைலாவின் அடுப்பு எரிந்துவந்தது. ஆகவே தீர்ப்பு அவளுக்கு வெறும் தாள் அன்று.

கனகரெத்தினம் விறாந்தையின் மறுகோடியில் தம் சட்டத்தரணியோடு நின்றார். அவருடைய மனைவி பாலம்மா இதுவரை நீதிமன்றத்துக்கு வந்ததில்லை. இன்று வந்தவள், வேறு இடம் இல்லாததால், சற்றுத் தயங்கி லைலாவின் பக்கத்திலேயே இருந்தாள். பாலைத் தோய்த்துத் தயிராக்குவது அவள் கைதான். காற்று பாலம்மாவின் சேலைத் தலைப்பை விலக்கியது. கன்னத்திலும் நெற்றியிலும் சிறு சிறு குழிகள். லைலா அறிந்த முகத்தில் அவை இருந்ததில்லை.

"முகத்தில என்னக்கா?"

பாலம்மா தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அம்மாள் வந்து விளையாடிட்டுப் போனவ."

"எப்ப?"

"நீங்க கலியாணத்துக்குத் தயிர் கேட்ட கிழமை."

லைலா வருடம் முழுதும் சுமந்த கோபம் அவ்வளவு இலேசில் இறங்குமா? ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டாள்.

"வாசல்ல வேப்பிலை கட்டினாப் பிறகு வீட்டுக்குள்ள இருந்து ஒரு துரும்பும் வெளிய போகாது தங்கச்சி. சொல்லும் போகாது. போனையும் இவர் நிப்பாட்டித்தான் வெச்சவர். பாலக் கூட வீட்டுக்குக் கொண்டுவரல்ல. வயலுக்குள்ளயே லொறிக்காரனுக்கு ஊத்திவிட்டவர்."

அந்த லொறியைத்தான் லைலாவின் மருமகன் மாவடிப்பள்ளி வயலோரத்தில் கண்டுவந்து சொன்னான். 'கூடிய விலைக்கு ஆசைப்பட்டு வேறு ஆளுக்கு விற்றார்' என்று வழக்குரையில் ஏறிய வரி அப்படிப் பிறந்ததே. வாசித்துக் காட்டியபோது லைலா தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

"இதை வழக்குக்குக் குடுத்த மறுமொழியில எழுதியிருக்கலாமே?"

"எழுதச் சொல்லி லோயர் துள்ளினவர் தங்கச்சி. இவர் ஒரே பிடியா நிண்டார். வந்த அம்மாளக் கோட்டுல சாட்டுக்கு இழுக்கிறதோ, வழக்குத் தோத்தாத் தோக்கட்டும் எண்டிட்டார்." பாலம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஆசைப்பட்டு வித்தவன் எண்டு நீங்க எழுதினதுதான் அவரச் சுட்டது. அந்த நாளில இருந்து மனிசனுக்குச் சோறு இறங்குதில்ல. நான் சொன்னதெண்டு அவருக்குத் தெரியவேணாம்."

லைலாவின் நினைவு தன் இத்தாக் காலத்துக்குப் போயிற்று. கணவனை அடக்கிவிட்டு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அவள் வீட்டுக்குள் இருந்த அந்த மாதங்களில், கனகரெத்தினம் ஒரு நாளும் முன்வாசலில் நின்று அழைத்ததில்லை. குசினிப் பக்கத்து வேலியோரம் தயிர்ச் சட்டிகளை வைத்துவிட்டு, வெறும் சட்டிகளை எடுத்துக்கொண்டு, இருமல் சத்தம்கூடக் கேட்காதபடி போய்விடுவார். எத்தனை நாளைக்கு இப்படி என்று அவர் கேட்கவுமில்லை, அவள் விளக்கவுமில்லை. எந்த ஒப்பந்தத்திலும் அது எழுதியிருக்கவில்லை. அதோடு, வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து அன்று தயிர் வந்திருந்தால், பந்தியில் இருந்த பிள்ளைகளின் கதி என்ன என்ற எண்ணமும் சேர்ந்து அவளை எழுப்பி நிறுத்தியது.

ஹிமாயா கோப்போடு வந்தாள். வழக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளப்போகிறேன் என்று லைலா காரணத்தையும் காதோடு சொன்னதும் அவள் முகம் மாறிற்று.

"ராத்தா, இது வெல்லுற வழக்கு. மறுமொழியில இல்லாத விசயத்த இனி அவங்க கதைக்கவும் ஏலா."

"அவங்க கதைக்க மாட்டாங்க புள்ள. அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

"மண்டபத்துக்காரருக்கு என்ன சொல்லுவீங்க? உங்கட மருமகன் என்னைத்தான் ஏசுவார்."

"ஏசட்டும். உங்களுக்கு ஒரு சட்டி வட்டிலாப்பம் கூடத் தாறன்."

ஹிமாயா சிரிக்கவில்லை. காரணத்தை எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒரு காரணமும் எழுத வேண்டாம், அந்த விலை வரியை மட்டும் பிழை என்று சொல்லிவிடுங்கள் என்றாள் லைலா.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இதே விடயத்தில் மீண்டும் வழக்குத் தொடர முடியாது என்பது விளங்குகிறதா என்று வினவினார். லைலா "ஓம்" என்றாள். எவராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். எதிராளி கூடிய விலைக்கு ஆசைப்பட்டதாகக் கூறியது பிழையான தகவல் என்று ஹிமாயா எழுந்து சொன்னபோது, கனகரெத்தினம் கைகளைக் கட்டியபடி நின்றார். செலவுத்தொகை ஏதும் கோரவில்லை என்று அவருடைய சட்டத்தரணி சொன்னார். வழக்கு முடிந்தது.

வாசற்படியில் கனகரெத்தினம் லைலாவை மறித்தார்.

"ஏன் தங்கச்சி?" என்றார்.

"கேக்காதீங்க அண்ணன்."

அவர் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அவருக்குப் பழகிய மரியாதை. வெயிலுக்குள் இறங்கிய பாலம்மா குடையை விரித்தாள்; கச்சான் அதை ஒரே வீச்சில் மறுபுறம் மடித்துவிட்டது. கனகரெத்தினம் ஓடிப்போய்க் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று, கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார். அவள் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

லைலாவின் கைப்பையில் போன் அடித்தது. மண்டபத்துக்காரர். அடித்து ஓயட்டும் என்று விடலாம். மருமகனிடம் கொடுத்துக் கதைக்கச் சொல்லலாம். அவள் படியிலேயே நின்று அதைக் காதில் வைத்தாள்.

"ஓம், லைலாதான் கதைக்கிறன்," என்றாள். அப்போது மணி பதினொன்று நாற்பத்திரண்டு.